அந்தோனியார் பாதத்தில் வைத்த மெழுகுத் துண்டு

முதலில் போனது மூக்கு.

அடுப்பில் பால் பொங்கி, வழிந்து, கருகி, பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மா மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து "மாத்தயா, மாத்தயா" என்று கூப்பிடும்வரை நான் அதே குசினியில் உட்கார்ந்து பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தேன். என் மனைவி ரீட்டா, பள்ளிக்கூட டீச்சர், கிணற்றடியிலிருந்து ஓடிவந்து பாத்திரத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்னங்க, மூக்க எங்கயாவது அடகு வச்சிட்டீங்களா?"

தடிமன், சளி பிடித்திருக்கிறது என்றேன். கண்டியில் மழை விடாத மாதங்களில் எந்த நோய்க்கும் இந்தப் பெயர் போதும். அந்தத் தடிமன் ஒரு வருடத்துக்கு மேல் இருந்தது. கருவாடு பொரிக்கிற நாளில் முகம் சுளிக்காத கணவனை எந்த மனைவி டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போவாள்?

இதை வாசிக்கிறவர்களில் யாருக்காவது மணம் தெரியாமல் போயிருந்தால், மூக்கை மட்டும் சந்தேகப்படாதீர்கள். மூக்குக்கு மேலே ஒரு மாடி இருக்கிறது.

இரண்டாவது அறிகுறியை நோய் என்று யாரும் நினைக்கவில்லை. எனக்கு வேலை ஓர் அரசாங்கக் கந்தோரில். சிங்களச் சுற்றறிக்கைகளைத் தமிழாக்குவேன். அதை ஈடுகட்ட, வாரப் பத்திரிகை ஒன்றில் நகைச்சுவைப் பத்தி எழுதிவந்தேன். அந்த வருடம் பத்தி களைகட்டிவிட்டது. "சேர், இப்பதான் உங்களுக்கு எழுத்து கூடிவருது" என்று ஆசிரியர் போனில் சொன்னார். பஸ்ஸில் பகிடி, கந்தோரில் பகிடி, பூசை நடுவில் பகிடி. கம்பளையில் ஒரு செத்த வீட்டில் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று நான் ஏதோ சொல்லிச் சிரித்தேன். ரீட்டாவின் அண்ணன் லூர்து என்னைக் கையைப் பிடித்து முற்றத்துக்கு இழுத்துப் போனார். அவர் கம்பளையில் புடவைக் கடை வைத்திருப்பவர். மனிதர்களின் அளவு தெரிந்தவர்.

"மச்சான், அந்த வீட்டுல சிரிச்சது நீங்க மட்டும்தான். பொணம்கூட சிரிக்கல."

அதற்கும் சிரித்தேன். அதன் பிறகுதான் தலைவலி, வாந்தி, ஸ்கேன்.

சத்திர சிகிச்சை நிபுணர் யாழ்ப்பாணத்துக்காரர். சொற்களைச் சீனியைப் போல அளந்து போடுகிறவர். திரையில் என் தலையின் குறுக்குவெட்டைக் காட்டினார். இரண்டு கண்களுக்கும் நடுவே, சற்று மேலே, எலுமிச்சம்பழம் போல வெள்ளையாக உருண்டையாக ஒன்று.

"ஒரு பெரிய தேசிக்காய் அளவு. மெனிஞ்சியோமா." (மூளையைப் போர்த்தியிருக்கும் உறையிலிருந்து வளரும் கட்டி.) "கன வருசமா இருந்திருக்கும். புற்றுநோய் இல்லை. சாதுவான கட்டி."

மண நரம்புகளின் மேல் அந்தச் சாது சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தது. முன்மூளையையும் அழுத்திக்கொண்டிருந்தது. ரீட்டா தயங்கித் தயங்கி, கம்பளைச் செத்த வீட்டைப் பற்றிக் கேட்டாள்.

"ஓம். அதுவும் இதாலதான். முன்பக்கம் அழுத்துப்பட்டால் சில பேர் அளவில்லாமல் பகிடி விடுவினம்."

"நல்ல பகிடியா, டொக்டர்?" என்று கேட்டேன்.

"அது புத்தகத்தில எழுதேல்லை."

ஆசிரியர் பாராட்டிய பத்திகளை எழுதியது யார் என்று அன்றைக்குத் தெரிந்தது.

ஒரு காதிலிருந்து மறு காதுவரை தோலை வெட்டி, புத்தகத்தின் பக்கம் புரட்டுவதுபோல முகத்தை முன்னால் மடித்து, நெற்றி எலும்பைக் கழற்றி எடுத்து, வேலையை முடித்து, திரும்பப் பூட்டினார்கள். விழித்தபோது இரண்டு கண்களும் வீங்கி மூடியிருந்தன. இருட்டில் யாரோ என் பெயர் கேட்டார்கள். சொன்னேன். வருடம் கேட்டார்கள். சொன்னேன். ஜனாதிபதியின் பெயர் கேட்டார்கள். "இன்றைக்குக் காலையில் இருந்தவரா?" என்றேன். தாதி ரீட்டாவிடம் போய், ஐயாவுக்குக் குழப்பம் இருக்கிறது என்று சொன்னாராம். ரீட்டா, அது குழப்பம் இல்லை, அவர் அப்படித்தான் என்றாளாம். பிறகு வார்டுக்கு வெளியே கதிரையில் உட்கார்ந்து அழுதிருக்கிறாள். கட்டியை எடுத்த பிறகும் இந்த மனிதர் இப்படித்தானா என்று அழுதாளா, சந்தோஷத்தில் அழுதாளா என்பதை இன்றுவரை சொல்லவில்லை.

இந்தச் சிகிச்சைக்குப் போகிறவர்களுக்கு ஒன்று. மூக்கிலிருந்து உப்புக் கரிக்கும் தண்ணீர் சொட்டினால் தடிமன் என்று துடைத்துவிடாதீர்கள். அது மூளையைச் சுற்றியுள்ள நீராக இருக்கலாம், உடனே சொல்லுங்கள். இன்னொன்று: மணம் திரும்பாது. எனக்குத் திரும்பவில்லை. நாரத்தைக்கும் நாற்றத்துக்கும் எனக்கு இப்போது ஒரே மரியாதை.

கிளினிக்கில் முதல் அறிக்கை கிடைத்தது. சாதுதான், ஆனால் முழுச் சாது என்று எழுத நுண்நோக்கியில் பார்த்தவருக்கு மனம் வரவில்லை. சில இடங்களில் கலங்கள் (உடம்பைக் கட்டியிருக்கும் மிகச் சிறிய கூறுகள்) ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நின்றனவாம். அதோடு, கட்டியின் வேர் மண்டையின் அடித்தளத்தில், பார்வை நரம்புகளுக்குப் பக்கத்தில் இருந்ததால் முழுவதையும் வழித்தெடுக்க முடியவில்லை.

"ஒரு புரதப் பரிசோதனை செய்து பாப்பம்" என்றார் டொக்டர். "கே-ஐ அறுபத்தேழு எண்டு ஒரு புரதம். பிரியிறதுக்கு ஆயத்தமாகிற கலத்துக்குள்ளதான் இருக்கும். சாயம் போட்டால் அந்தக் கலங்கள் மண்ணிறமாத் தெரியும். நிறையத் தெரிஞ்சால், கட்டி திரும்பி வாற சாத்தியம் அதிகம். இன்னொரு புரதம் இருக்கு, ஹோர்மோனைப் பிடிக்கிற ஏற்பி. அது நிறைய இருந்தால் பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும். ரெண்டையும் பாத்தால் ஓரளவு சொல்லலாம். சத்தியம் பண்ணிச் சொல்லேலாது."

"சொன்ன பிறகு?"

"வரும்போலத் தெரிஞ்சால் மிச்சத்துக்கு இப்பவே கதிர்ச் சிகிச்சை குடுக்கலாம். ஆனால் பக்கத்தில கண் நரம்பு. பார்வையில பாதிப்பு வர இடமிருக்கு. வராதுபோல இருந்தால் ஏன் சும்மா கண்ணைப் பணயம் வைக்கிறது?"

மூக்கைக் கொடுத்தாகிவிட்டது. அடுத்தது கண்ணா என்பதைச் சில மண்ணிறப் புள்ளிகள் சொல்லவேண்டியிருந்தது.

அந்தச் சாயங்களை எங்கள் ஆஸ்பத்திரியில் போடுவதில்லை. கொழும்பில் ஓர் ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோகவேண்டும். கொண்டுபோகிறவர் நோயாளியின் ஆள். இந்த நாட்டில் நோயாளியின் ஆள் என்பவர் பாதி தாதி, பாதி தபாற்காரர். வெட்டியெடுத்த சதையை மெழுகில் பதித்து, ஒரு சின்னப் பிளாஸ்டிக் சட்டத்தில் ஒட்டியிருந்தார்கள். தீப்பெட்டியைவிடச் சிறியது. நடுவில் சாம்பல் நிறத்தில், நகத்தளவு நான். கட்டியின் பெரும்பகுதியைக் கருவியால் நொறுக்கி உறிஞ்சி எடுத்துவிட்டதால் பரிசோதனைக்கு உருப்படியாக இருந்தது இந்த ஒரு துண்டுதான். மற்றவற்றில் எலும்பும் உறையும். "கவனம். வெயில்ல வைக்காதேங்கோ" என்று டொக்டர் சொன்னார். வெயிலில் வைக்கவில்லை.

அது செவ்வாய்க்கிழமை. தலையில் தொப்பியோடு நான், ரீட்டா, துணைக்கு லூர்து. ரயிலுக்கு நேரம் இருந்தது. ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் எங்கள் கோயில். செவ்வாய்க்கிழமை அந்தோனியாருக்கு நவநாள் செபம்.

எங்கள் குடும்பத்தில் அந்தோனியாரின் பாதம் ஒரு தபாற்கந்தோர். பரீட்சை அனுமதி அட்டை, இடமாற்ற விண்ணப்பம், கல்யாணத்துக்கு வந்த மாப்பிள்ளையின் படம், இரத்தப் பரிசோதனைத் துண்டு, எதுவானாலும் முதலில் அந்தப் பாதத்தில் வைத்து எடுத்த பிறகுதான் உரிய இடத்துக்குப் போகும். லூர்துவின் இத்தாலி விசா விண்ணப்பம் பல தடவை அங்கே இருந்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் நிராகரித்தார்கள். லூர்து அதற்காக இத்தாலியைத்தான் குறை சொல்வார்.

"பாதத்துல வைக்காம எது நம்ம வீட்ல ஒழுங்கா போயிருக்கு?" என்றார் கோயில் வாசலில்.

"வச்சும் எது போயிருக்கு?" என்றேன்.

"மச்சான், கட்டி போச்சுல்ல. இன்னும் ஏன் வாய் போகல?"

அந்தோனியாரின் சுரூபம் கண்ணாடிக் கூட்டுக்குள் இருக்கும். பாதத்தைத் தொட முடியாது. அதற்கு நேர் கீழே மெழுகுதிரி கொளுத்தும் இரும்புத் தட்டு. பாதத்துக்கு ஆக அருகில் போகக்கூடிய இடம் அந்தத் தட்டின் விளிம்புதான். ரீட்டா துண்டு இருந்த பொலித்தீன் உறையை முத்தமிட்டு அந்த விளிம்பில் வைத்தாள். முழந்தாளிட்டாள். கண்ணை மூடினாள். நாங்களும் மூடினோம். நவநாள் செபம் தொடங்கியது. கூட்டம் வந்துகொண்டேயிருந்தது. வந்தவர்கள் எல்லாரும் கொளுத்தினார்கள்.

செபத்தின் நடுவில் பின்னால் ஒரு பெண் இன்னொருத்தியிடம், "என்னடி, பிளாஸ்டிக் கருகுற மாதிரி இல்ல?" என்றாள். சிலர் மூக்கை உயர்த்தி முகர்ந்தார்கள். நானும் மரியாதைக்கு என் மூக்கை உயர்த்தினேன். ரீட்டா கண் திறக்கவில்லை. அவள் வேண்டிக்கொண்டிருந்தது அந்தத் துண்டு நல்ல பதில் சொல்லவேண்டும் என்று.

செபம் முடிந்து கண் திறந்தபோது விளிம்பில் எதுவும் இல்லை. கோயிலைப் பராமரிக்கும் பிலிப்பு அண்ணன், செவ்வாய்க்கிழமைகளில் செய்வதுபோல, தட்டில் வழிந்த மெழுகை ஒரு தகட்டால் சுரண்டிப் பழைய பிஸ்கட் தகரத்துக்குள் தள்ளிக்கொண்டிருந்தார். அதை உருக்கித் திரும்பத் திரி வார்ப்பது கோயில் வழக்கம்.

ரீட்டா தகரத்துக்குள் கையை விட்டாள்.

"ஐயோ டீச்சர், சுடும்! என்ன விழுந்துச்சு? மோதிரமா?"

"இவரு கட்டி" என்றாள் ரீட்டா.

பிலிப்பு அண்ணன் என் தொப்பியைப் பார்த்தார். தகரத்தைப் பார்த்தார். சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். பிறகு மூன்று பேரும் குனிந்து, ஆறிக்கொண்டிருந்த மெழுகுச் சேற்றுக்குள் என்னைத் தேடினார்கள். எனக்குக் குனியக்கூடாது என்று உத்தரவு. தொப்பியோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் உருகிக் கோணிய பிளாஸ்டிக் சட்டம் வந்தது. அதில் ஒன்றும் இல்லை. பிறகு லூர்து ஒரு கறுப்புத் துணுக்கை நகத்தால் எடுத்தார்.

"இதுவா பாருங்க மச்சான்."

"எனக்கு எப்படி அடையாளம் தெரியும்? நான் நேர்ல பார்த்ததில்ல."

அது திரியின் கரி. அடுத்தது ஒரு பூச்சி. கடைசியில் ரப்பர் போல ஒன்று, ஒரு பக்கம் கருகி, மறுபக்கம் சாம்பல் நிறமாக வந்தது. ரீட்டா அதைத் தன் கைக்குட்டையில் வைத்து மடித்தாள். அவளுடைய விரல் நுனிகள் சிவந்து கொப்புளித்திருந்தன. அடுத்த ரயிலைப் பிடித்தோம். பேராதனை, கடுகண்ணாவை என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ரீட்டா கைக்குட்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

கொழும்பில் நுண்நோக்கிக்குப் பொறுப்பான பெண் டொக்டர் நாங்கள் சொன்னதை முழுவதும் கேட்டார். சிரிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது. அதைத் திரும்ப மெழுகில் பதித்துச் சாயம் போட்டுப் பார்ப்பதாகச் சொன்னார். சில வாரங்களில் கிடைத்த முடிவு இது: நிறம் எதுவும் ஏறவில்லை. கட்டியின் கலங்களில் மட்டும் அல்ல, ஒப்பீட்டுச் சாயம் எப்போதும் ஏறியே தீரவேண்டிய இரத்தக் குழாய்ச் சுவரிலும் ஏறவில்லை. புரதங்களுக்கு ஒரு வடிவம் உண்டு. அந்த வடிவத்தைத்தான் சாயம் பற்றிக்கொள்ளும். தீயில் வடிவம் போய்விட்டது.

"நிறம் ஏறாட்டி நல்லதுன்னு தானே?" ரீட்டா அந்தப் பெண் டொக்டரிடம் போனில் கேட்டாள்.

"இல்லம்மா. சாட்சி வரலைன்னா குத்தம் நடக்கலைன்னு அர்த்தமில்ல."

கண்டிக் கிளினிக்கில் எங்கள் டொக்டர் அந்த அறிக்கையை வாசித்தார். ரீட்டாவின் விரல்களைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இனி என்ன செய்யலாம், டொக்டர்?" என்றேன்.

"கதிர்ச் சிகிச்சை குடுக்கலாம். குடுக்காமல் ஸ்கேன் பண்ணிப் பண்ணிப் பாக்கலாம். நீங்கள்தான் முடிவெடுக்க வேணும். ரெண்டும் பிழையில்லை."

"அந்தப் புரதத்தைத் திரும்பப் பார்க்க வழி இல்லையா?"

"புதுத் துண்டு வேணும்."

"எடுக்கலாமே?"

"எடுக்கிறதெண்டால் அது திரும்பி வளர வேணுமே."

கட்டி திரும்பி வருமா என்று சொல்லக்கூடிய துண்டு இனி எங்களுக்குக் கிடைக்கவேண்டுமானால், கட்டி திரும்பி வரவேண்டும். இருபது வருடம் எழுதியும் இவ்வளவு கச்சிதமான பகிடி ஒன்று எனக்கு வாய்க்கவில்லை. சிரித்தேன். அறையில் வேறு யாரும் சிரிக்கவில்லை. கட்டி இருந்த காலத்தில் என்றால் அது என் பிழை இல்லை.

கதிர் வேண்டாம், கண்ணை வைத்துக்கொள்வது என்று முடிவெடுத்தேன். நியாயமான காரணம் ஒன்றும் இல்லை. வாசிப்பதற்குக் கண் வேண்டும்.

வெளியில் வரும்போது ரீட்டா சொன்னாள்: "ஏசுறதுன்னா இப்பவே ஏசிடுங்க. வருஷக் கணக்கா சிரிச்சிக்கிட்டே குத்தாதீங்க."

"அந்தோனியார ஏசலாமா?"

"இதத்தான் குத்துறதுன்னு சொன்னேன்."

அந்த மெழுகு வீணாகவில்லை. அடுத்த வாரமே பிலிப்பு அண்ணன் அதைத் திரிகளாக வார்த்தார். எங்கள் கோயில் பங்கு மக்கள் வாங்கிப்போய், பிள்ளை வரத்துக்கும் வெளிநாட்டுக்கும் வழக்கு முடிவதற்கும் கொளுத்தினார்கள். என் மண்டைக்குள் இருந்த ஒன்று யாருக்காவது விசா வாங்கிக் கொடுத்திருக்கலாம். லூர்துவுக்குக் கொடுக்கவில்லை.

வேலைக்குத் திரும்பினேன். பத்தியும் எழுதினேன். ஆசிரியர் சில வாரம் பொறுத்துவிட்டுப் போன் எடுத்தார். "சேர், நல்லா இருக்கு. ஆனா முந்தின மாதிரி இல்லையே?" முந்தினதை எழுதியவர் திரியாகிவிட்டார் என்று நான் சொல்லவில்லை.

முதல் ஸ்கேன் சுத்தம், விட்டுவைத்த மிச்சம் படத்தில் தெரியக்கூட இல்லை. அடுத்ததும். ஆறுதல் என்று ஒன்று இந்த உடம்பில் மெல்லக் குடிவரப் பார்த்தது. அப்போதுதான் ஒரு காலையில், சவரம் செய்துகொண்டிருக்கையில், எனக்கு மணந்தது.

மெழுகு கருகும் மணம். மிக உறுதியாக. எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு மூக்குக்குள் ஒரு செய்தி. சவர்க்கார நுரையோடு குசினிக்கு ஓடினேன்.

"ரீட்டா, எனக்கு மணக்குது! என்ன கருகுது?"

அவள் அடுப்பைப் பார்த்தாள். அடுப்புப் பற்றவைக்கப்படவில்லை. மேசையைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் சந்தோஷம் வருவதற்காகக் கொஞ்ச நேரம் காத்திருந்தேன்.

"ஒண்ணும் கருகலங்க" என்றாள்.

டொக்டர் விளக்கினார். மூக்கு திரும்பவில்லை. மூளை தானாகப் பொறி தட்டுகிறது. வலிப்பின் சின்ன வடிவம். இல்லாத மணம் வரும், போகும். பழைய தழும்பாலும் வரலாம். அதற்கு மாத்திரை. ஆனாலும் ஸ்கேனை முன்தள்ளினார். படத்தில், மண்டையின் அடித்தளத்தில், மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று.

"தழும்பா இருக்கலாம். மற்றதாவும் இருக்கலாம். அடுத்த படத்தோட ஒப்பிட்டுத்தான் சொல்லலாம். வளர்ந்தால் எடுப்பம். எடுத்தால் அந்தப் புரதத்தையும் பாப்பம்."

ஆஸ்பத்திரி நடையில் பக்கத்துப் பக்கமாக உட்கார்ந்திருந்தோம். மருந்துச் சீட்டுக்காகக் காத்திருந்த ஒரு குடும்பம் எங்களுக்கு எதிரே கட்டுச்சோற்றைப் பிரித்து வைத்திருந்தது. ரீட்டா வெகுநேரம் தன் விரல் நுனிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தோல் திரும்ப வளர்ந்துவிட்டது. கொஞ்சம் மினுக்கமாக இருக்கிறது.

"அடுத்த தடவ நேரா கொழும்புக்குத்தான்" என்றாள். "எங்கயும் எறங்கக் கூடாது. லூர்து அண்ணன் வேணாம்."

அடுத்த தடவை. சனிக்கிழமைச் சந்தையைச் சொல்வதுபோலச் சொன்னாள். அவள் சொன்ன பிறகு அது என் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டது. எனக்கு இப்போது மாதங்கள் இல்லை. ஒரு படத்துக்கும் மறு படத்துக்கும் இடையில் ஒரு கோடு இருக்கிறது. நான் அதன் மேல் குடியிருக்கிறேன்.

மாத்திரை வேலை செய்கிறது. சில வேளை முதல் பொறி மட்டும் தட்டும், மணம் வருவதற்குள் அணைந்துவிடும். ஒரு காலத்தில் கருவாடும் மல்லிகையும் திரும்பவேண்டும் என்று ஏங்கிய மூக்கு இது.

ரீட்டா செவ்வாய்க்கிழமைகளை விடவில்லை. நானும் போகிறேன். பிலிப்பு அண்ணன் எங்களைக் கண்டால் தகரத்தைத் தூர எடுத்து வைத்துவிடுவார். போன செவ்வாய் நல்ல கூட்டம். தட்டு நிறையத் திரிகள். முன்வரிசையில், முகத்தில் அனல் அடிக்கிற தூரத்தில் முழந்தாளிட்டிருந்தோம். எங்களைச் சுற்றி அத்தனை மெழுகும் எரிந்துகொண்டிருந்தது.

செபத்தின் நடுவில் ரீட்டா கண்ணைத் திறக்காமல் என் பக்கம் சாய்ந்தாள்.

"ஏதாவது மணக்குதா?"

ஆழமாக மூச்சை இழுத்துப் பார்த்தேன்.

"ஒண்ணுமே இல்ல."

"அந்தோனியாருக்குத் தோத்திரம்" என்றாள் ரீட்டா.